அண்ணன் பார்க்காத படம்

"இதை எங்க வைக்கிறது, பிள்ளை?" என்று அந்த அம்மா என்னிடம்தான் கேட்டார். அவர் கையில் ஒரு மலர்வளையம். வெள்ளைச் சாமந்தி, நடுவில் பச்சை இலை, ஓரத்தில் ஊதா ரிப்பன். இப்போதுதான் பூக்கடையிலிருந்து வாங்கி வந்திருக்கிறார் போலும், இலைகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

லண்டனின் ஈஸ்ட் ஹாமில், ஹை ஸ்ட்ரீட் நார்த்தை ஒட்டிய சந்தில் ஒரு மண்டபம். சனிக்கிழமை மத்தியானம். நான் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வயலினுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஞானம் அண்ணையின் ஊமைப்படம் தொடங்க வேண்டும். அவர் படத்துக்கு எப்போதும் நான்தான் பின்னணி இசை.

"மலர்வளையம் எதுக்கும்மா?" என்றேன்.

"ஞானத்துக்குத்தான். வேற ஆருக்கு?" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். வழக்கமாக முன்வரிசை நிரம்பினாலே நாங்கள் திருப்தியாக வீட்டுக்குப் போவோம். அன்றைக்கு மண்டபமே நிரம்பிக்கொண்டிருந்தது. ஆண்கள் எல்லாம் கறுப்புக் கோட்டு. பெண்கள் வெள்ளைச் சேலை, நகை இல்லை. ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. பின்னால் மேசையில் இடைவேளைக்காக அடுக்கி வைத்திருந்த ஆட்டிறைச்சி ரோல்ஸ் மணக்க மணக்க இருந்தது. ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "செத்த வீட்டில ரோல்சோ?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார்.

செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட மனிதர் அந்த நேரத்தில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து தன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

வாயைத் திறந்தபடி ஒரு சிரிப்பு

ஞானம் அண்ணையை எனக்குப் பரிச்சயப்படுத்தியது ஒரு உடைந்த பல்.

நான் லண்டனின் தெற்கே சட்டன் என்கிற பகுதியில் பல் டாக்டர். சொந்த ஊர் திருச்சி. எங்கள் ஊரில் 'அண்ணை' என்று யாரையும் கூப்பிடுவதில்லை. ஆனால் ஈஸ்ட் ஹாமில் யாழ்ப்பாணத்துக்காரர், பஞ்சாபிக் காய்கறிக்காரர், தபால்காரர் எல்லாருமே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கும் அதுவே பழகிவிட்டது.

முன்பல் பாதியாக உடைந்து வந்தார். எப்படி உடைந்தது என்று கேட்டேன். "விழுந்தனான்" என்றார். எங்கே? "பஸ் ஸ்டொப்பில." எப்படி? "நல்லா." அதோடு வாயைத் திறந்து நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

என் நாற்காலியில் யாராலும் பேச முடியாது. என் தொழிலே ஒரு ஊமைப்படம்தான். ஆனால் அன்றைக்கு அந்த நாற்காலியில் இருந்தவர் வாயை அசைக்காமல் புருவத்தை மட்டும் அசைத்தார். நான் ஊசியை எடுத்ததும் இடது புருவம் மெதுவாக வாசல் பக்கம் கிளம்பியது. வலது புருவம் அதைத் தடுத்து நிறுத்தியது. இரண்டுக்கும் நெற்றியில் ஒரு வாக்குவாதம். என் நர்ஸ், போலந்துப் பெண், சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர்க் குழாயை என் மேலேயே திருப்பிவிட்டாள். அவர் முகத்தில் மட்டும் சிரிப்பு என்கிற பேச்சே இல்லை. கோயில் தர்மகர்த்தா மாதிரி அவ்வளவு கம்பீரமாக இருந்தார்.

பல்லைக் கட்டி முடித்ததும் கேட்டேன், "நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?"

"கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிறனான். ஞாயிற்றுக்கிழமையில விழுறனான்."

எழும்புறதிலதான் இருக்கு

நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பார்க்கப் போய்விட்டேன். எனக்கு ஆர்வம் வந்தால் அப்படித்தான், அடக்கத் தெரியாது.

வேலை செய்யும் முறை ரொம்ப எளிமை. தெருவின் எதிர்ப்பக்கம் மூன்று கால் ஸ்டாண்டில் கேமரா. அதை அசைக்கவே மாட்டார். பெரிதாக்கிக் காட்டவும் மாட்டார். தலையிலிருந்து கால்வரை ஆள் முழுசாகத் தெரிய வேண்டும், வெட்டி ஒட்டக் கூடாது. விழுந்தால் நிஜமாக விழ வேண்டும். கேமராவை ஓடவிட்டு, தெருவைக் கடந்து போய், மனிதர் விழுவார்.

இதில் ஒரு சிக்கல். லண்டனில் ஒருவருக்கு ஒருவர் உதவ மாட்டார்கள் என்று ஊருக்குப் போனால் நாம் அளப்போமே, ஆனால் ஈஸ்ட் ஹாமில் அவர் விழுந்த மறு நொடி யாராவது ஓடி வந்து தூக்கிவிடுவார்கள். படம் கெட்டுவிடும். ஒருமுறை ஒரு பாட்டியம்மா தன் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து, அதில் அவரை உட்கார வைக்கப் பார்த்தார். அதையும் ஞானம் அண்ணை அப்படியே படத்தில் வைத்துக்கொண்டார். அவர் எடுத்ததிலேயே எனக்குப் பிடித்த காட்சி அதுதான்.

"இவ்வளவு அடிபட்டு விழணுமா அண்ணை?" என்று கேட்டேன்.

"விழுறது லேசு, டொக்டர். ஆரும் விழலாம். எழும்புறதிலதான் சிரிப்பு இருக்கு" என்றார். எழுந்து காட்டினார். முதலில் டை நேராக இருக்கிறதா என்று ஒரு தொடல். பிறகு சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று ஒரு தொடல். பிறகு கைப்பிடி வளைந்த குடையை முழங்கையில் மாட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி நிமிர்ந்து ஒரு நடை. நான் சேலையைச் சுருட்டிக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்து சிரித்தேன். எனக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது, அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

அவர் அகதியாக இந்த ஊருக்கு வந்தபோது ஆங்கிலம் தெரியாது. ரொட்டித் தொழிற்சாலையில் ஷிப்ட். பாகிஸ்தானியர், நைஜீரியர், வெள்ளைக்காரர் எல்லாரும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். இவருக்கு ஒருவரோடும் பேச முடியாது. ஒருநாள் மாவு மூட்டையோடு வழுக்கி விழுந்து எழுந்தார். மேசையே சிரித்தது. அதற்குப் பிறகு அந்த மேசையில் அவருக்கு ஒரு இடம் இருந்ததாம். அப்படித் தொடங்கியதுதான் எல்லாம்.

பிறகு கலியாண வீடியோ. பிறகு அதே கேமராவில் தன் படம். கோயில் மண்டபம், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, முதியோர் மதியச் சாப்பாடு என்று எங்கே சுவர் கிடைத்தாலும் திரையைக் கட்டிவிடுவார். நம் வீடுகளில் தமிழ் தெரியாத பிள்ளைகளும் ஆங்கிலம் தெரியாத பெரியவர்களும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆளுக்கொரு போனைப் பார்க்கிற காலம் இது. அவர் படத்துக்கு மட்டும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். நான் அதைக் கண்ணால் பார்த்தேன், வயலினில் வில்லை இழுத்துக்கொண்டே பார்த்தேன்.

ஒரு தொலைக்காட்சிக்காரர் வந்தார். "ரெண்டு வசனம் பேசினாப் போதும், தொடரில ஒரு பாத்திரம் தாறன்" என்றார். ஞானம் அண்ணை யோசித்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். முடியாது என்பதைக்கூட அவர் வாயால் சொல்லவில்லை.

அண்ணன்

அந்த நடை அவருடையது அல்ல. அவருடைய அண்ணன் பத்மலிங்கத்தினுடையது.

இதை அவர் ஒரே நாளில் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, வண்டியில் திரையைக் கொண்டு போகும்போதும் வரும்போதும் சொன்னார். அண்ணன் ஊரில் வங்கி அதிகாரி. லண்டனுக்கு வந்ததும் கிடைத்தது பெட்ரோல் ஷெட்டில், எங்கள் ஊர்ப் பேச்சில் பங்கில், காலை ஷிப்ட். ஆனால் வீட்டை விட்டு இறங்கும்போது இஸ்திரி போட்ட சட்டை, டை, பையில் பேனா, கையில் குடை. ஷெட்டுக்குப் போய்த்தான் அங்கே கொடுத்த மேல்சட்டைக்கு மாறுவாராம். ஒரே வீட்டில் நெருக்கியடித்து இருந்த இளவட்டங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள்.

"நான் சிரிக்கேல்லை, டொக்டர். இந்த ஊருக்கு வந்த புதிசில நிமிந்து நடந்த ஒரே ஆள் அவர்தான். அவர் வேலையால வாறதை ஜன்னலுக்குள்ளால பாத்துக்கொண்டு நிப்பன்."

அந்த நடையை வைத்து ஞானம் அண்ணை தன் முதல் படத்தை எடுத்தார். கோயில் மண்டபத்தில் காட்டினார். அண்ணன் அன்றைக்கு வரவில்லை, வேலை. பார்த்தவர்கள் போய்ச் சொன்னார்கள்: உங்கட தம்பி உங்களை மாதிரியே நடந்து நடந்து விழுகிறார், மண்டபமே சிரிச்சது. அதை மட்டும்தான் சொன்னார்கள். படத்தின் கடைசியில் என்ன வருகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. நம் சனத்துக்குப் பாதிக் கதை சொல்வதில் இருக்கிற உற்சாகம் மீதிக் கதையில் இருப்பதில்லை.

அண்ணன் போனில் கூப்பிட்டார். "நான் பட்ட பாட்டை நீ ஊருக்குப் பகிடியாக்கிப் போட்டாய். இனி எனக்குத் தம்பி இல்லை."

அவ்வளவுதான். பிறகு அவர் லண்டனின் வடக்கே எட்மண்டன் பக்கம் வீடு மாறிப் போய்விட்டார். வருடங்கள் ஓடிவிட்டன. அண்ணன் மகள் கலியாணத்தை வேறு யாரோ வீடியோ எடுத்தார்கள்.

"ஒருக்காப் பாத்திட்டு ஏசட்டும், டொக்டர். பாக்காமலெல்லோ ஏசுறார்" என்பார் ஞானம் அண்ணை. ஒவ்வொரு காட்சிக்கும் எட்மண்டனுக்கு ஆள் மூலம் அழைப்பு போகும். ஒவ்வொரு முறையும் ஞானம் அண்ணை திரைச்சீலை இடுக்கு வழியாக மண்டபத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டு வந்து ஷூவைக் கட்டுவார். அந்த முதல் படத்தை மட்டும் எந்தக் காட்சியிலும் காட்டாமல் விடமாட்டார். அண்ணன் என்றைக்காவது வந்துவிட்டால்?

பேசாத போஸ்டர்

சரி, மண்டபத்துக்குத் திரும்புவோம். அந்த அம்மா இன்னும் மலர்வளையத்தோடு நிற்கிறார்.

நான் எழுந்து வாசலுக்கு ஓடினேன். கண்ணாடியில் எங்கள் போஸ்டர் ஒட்டியிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தபோது எனக்கே அது மரண அறிவித்தலாகத்தான் தெரிந்தது.

கறுப்பு வெள்ளையில் ஞானம் அண்ணையின் முகம், சிரிக்காத முகம். கீழே முழுப்பெயர், ஞானலிங்கம். அதற்குக் கீழே மண்டபத்தின் பெயர், சனிக்கிழமை, மணி. வேறு ஒரு வார்த்தை கிடையாது. இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு. சுற்றிவர மல்லிகைச் சரம்.

அச்சுக்கடைச் சேகர் எனக்குப் பின்னால் நின்று தலையைச் சொறிந்தார். கலியாண அட்டையும் மரண அறிவித்தலும்தான் அவர் பிழைப்பு. "அண்ணைதான் சொன்னவர், ஊமைப்படத்துக்கு என்ன பேச்சு, பேரும் முகமும் போதும் எண்டு. வெறுமையாக் கிடந்துது. அதுதான் ரெண்டு விளக்கு வைச்சனான்."

"யாருமே போன் பண்ணி விசாரிக்கலையா?"

விசாரித்திருக்கிறார்கள். ஆனால் காட்சிக்கு முதல்நாள் ஞானம் அண்ணை மௌன விரதம். போனை அணைத்து அலமாரியில் வைத்துவிடுவார். தனிக்கட்டை, வீட்டில் எடுக்கவும் ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒட்டிய போஸ்டரை யாரோ படம் பிடித்து வாட்ஸப்பில் போட, விடிவதற்குள் லண்டனே அனுதாபம் சொல்லி முடித்திருந்தது, எனக்கு மட்டும் அது வந்து சேரவில்லை.

நான் திரைக்குப் பின்னால் போய் விஷயத்தைக் கொட்டினேன். ஞானம் அண்ணை பாலிஷ் துணியைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து வழக்கம் போல இடுக்கு வழியாகப் பார்த்தார். இந்த முறை திரும்பி வர நேரமானது.

"வந்திருக்கிறார்" என்றார்.

நானும் பார்த்தேன். மூன்றாவது வரிசை ஓரம். கறுப்புக் கோட்டு, நேரான டை, மடியில் குடை. முகத்தைத் துடைக்காமல் விட்டிருந்தார், கன்னம் ஈரமாக இருந்தது. அவர் யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"போய்ச் சொல்லுங்க அண்ணை, உயிரோட இருக்கேன்னு!"

"இப்ப நான் வெளியில போனால் அவர் எழும்பிப் போயிடுவார். படத்தைப் போடுங்கோ."

"இது அநியாயம். அந்த மனுஷர் அழுதுட்டு இருக்கார்!"

"தெரியும்." அவர் ஷூ நாடாவை இழுத்துக் கட்டினார். "உயிரோட இருக்கிற தம்பியின்ரை படத்துக்கு அவர் வரேல்லை, டொக்டர். செத்தவனுக்கெண்டாலும் வந்தார். ஒருக்காப் பாக்கட்டும். பிறகு என்னைக் கொல்லட்டும்."

எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. வயலினை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். விளக்கு அணைந்தது.

காட்சி

இங்கே இறுதிச் சடங்குகளில் போனவரின் பழைய படங்களைத் திரையில் ஓடவிடுவது வழக்கம். சனம் இதையும் அப்படித்தான் நினைத்தது. அவர் முதல் முறை விழுந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. யாரோ "ஐயோ, பாவம்" என்று விசும்பினார்கள். நான் துள்ளலாக வாசித்துக்கொண்டிருந்தேன். செத்த வீட்டில் துள்ளலாக வாசிக்கிற இந்தியாக்காரி என்று முன்வரிசை என்னை எரிப்பது போலப் பார்த்தது.

திரையில் அந்த மனிதர் வேலைக்குக் கிளம்புகிறார். பஸ் போய்விடுகிறது. விழுகிறார். டை, பேனா, குடை, நடை. காற்று குடையைப் பிடுங்குகிறது. விழுகிறார். டை, பேனா, குடை, நடை. யாரோ போட்டுவிட்டுப் போன அரிசி மூட்டை காலில் தட்டுகிறது.

அப்போதுதான் மலர்வளைய அம்மா பிசகினார். ஒரு சின்னச் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. பதறிப்போய் வளையத்தாலேயே வாயை மூடினார். பக்கத்தில் இருந்தவருக்குத் தோள் குலுங்கியது. அதற்குப் பின்னால் ஒரு பையன் வெடித்துச் சிரித்தான். அப்புறம் அடக்க ஆளில்லை. சிரித்தார்கள், சிரித்ததற்காக வெட்கப்பட்டார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் அவர் படத்துக்கு அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

மூன்றாவது வரிசை ஓரம் மட்டும் சிரிக்கவில்லை. தன் நடையைத் தானே பார்த்துக்கொண்டு, குடையை இறுக்கிப் பிடித்தபடி கல்லாக உட்கார்ந்திருந்தார்.

பிறகு அந்தக் கடைசிக் காட்சி. மனிதர் போய்ச் சேருகிற இடம் ஒரு பெட்ரோல் ஷெட். டையைக் கழற்றுகிறார். அதைக் குழந்தையின் துணியை மடிப்பது போல மெதுவாக மடிக்கிறார். ஷெட்டின் பச்சை மேல்சட்டையைப் போடுகிறார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்தப் பச்சைச் சட்டையின் பையில் செருகிக்கொள்கிறார். நிமிர்ந்து நிற்கிறார். முதல் வண்டி வருகிறது. அவ்வளவுதான் படம்.

மண்டபத்தில் சிரிப்பு நின்றிருந்தது. அங்கே இருந்த ஆண்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு ஷெட்டில், ஏதோ ஒரு பச்சைச் சட்டையில் இந்த ஊர் வாழ்க்கையைத் தொடங்கியவர்கள். நான் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். பெரியவரின் கை தானாகத் தன் சட்டைப் பைக்குப் போயிருந்தது.

விளக்கு எரிந்தது. திரையை விலக்கிக்கொண்டு ஞானம் அண்ணை வெளியே வந்தார்.

ஒரு அலறல். நாற்காலிகள் சரிந்தன. "கடவுளே, இனி இதை என்ன செய்யிறது?" என்று அந்த அம்மா மலர்வளையத்தோடு நின்றார். ஞானம் அண்ணை யாரையும் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையைப் பார்த்தார்.

பெரியவர் எழுந்தார். டையைத் தொட்டார். பேனாவைத் தொட்டார். குடையை முழங்கையில் மாட்டிக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே இருந்த வழியில் இறங்கி நடந்தார். சனம் அந்த நடையைக் கண்டுகொண்டது. ஒரு பக்கத்திலிருந்து சிரிப்பு கிளம்பி மண்டபம் முழுக்கப் பரவியது. அவர் நின்றார்.

இதோ, திரும்பிப் போய்விடப் போகிறார் என்று நினைத்தேன். ஞானம் அண்ணையும் அப்படித்தான் நினைத்திருப்பார், அவர் முகத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பயத்தைப் பார்த்தேன்.

பெரியவர் திரும்பவில்லை. தம்பிக்கு எதிரே வந்து நின்றார்.

"நீ சாகேல்லையோ?"

"இல்லை, அண்ணை."

"குடையை நான் இடக்கையிலதான் கொழுவுறனான். நீ வலக்கையில கொழுவியிருக்கிறாய்."

ஞானம் அண்ணை தன் இரண்டு கையையும் பார்த்தார். "அலுமாரிக் கண்ணாடியைப் பாத்துப் பழகினனான், அண்ணை. அதில மாறிப்போச்சு."

பெரியவர் தன் குடையைக் கழற்றி, தம்பியின் இடக்கையில் தானே மாட்டிவிட்டார். மாட்டிவிட்டு, முன்வரிசையில் காலியாகக் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"இப்ப நட, பாப்பம்."

ஞானம் அண்ணை டையைத் தொட்டார். பேனாவைத் தொட்டார். நடந்தார். எனக்கு வாசிக்கத் தோன்றவில்லை, வில் மடியில் கிடந்தது. மண்டபத்தில் சிரிக்கலாமா கூடாதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லாரும் பெரியவரையே பார்த்தார்கள்.

முதலில் சிரித்தது அண்ணன்தான்.